ஊர் மாறும் குழந்தைக்கு ஒரு பள்ளிக்கூடம்

உத்தியோக மாற்றத்தினாலோ, வியாபார நிமித்தமாகவோ, தள்ளாத வயதிலிருக்கும் பெற்றோருக்குத் துணையாக இருக்க வேண்டிய கடமையினாலோ ஒரு குடும்பம் ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயர நேரும்போது, பெரியவர்கள் முதன்முதலில் விசாரிப்பவை வாடகை எவ்வளவு, முன்பணம் எத்தனை மாதத்திற்கு, தண்ணீர் உப்பா நல்லதா, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பன போன்ற விஷயங்களே. இவை யாவும் திருப்திகரமாக முடிந்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபுகுந்து, மூட்டை முடிச்சுகளைப் பிரித்து அடுக்கிய பிற்பாடுதான், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்ற யோசனை எழுகிறது. அதற்குள் ஜூன் மாதம் பிறந்துவிடும். நல்ல பள்ளிகளிலெல்லாம் இடம் நிரம்பிவிட்டது என்ற வதந்தியும் தெருவில் உலாவத் தொடங்கிவிடும். பிறகு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே, என்ன கேட்கிறார்களோ அதைக் கொடுத்து, அவசர அவசரமாகக் குழந்தையைச் சேர்த்துவிட்டு வருகிறோம். தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தையுள்ள குடும்பம் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். முதலில் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகே வீடு.

பெரியவர்களாகிய நமக்கு ஊர் என்பது பல திசைகளில் விரிந்து கிடப்பது. அலுவலகம் ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம், கோயிலும் உறவினர் வீடும் மற்றொரு பக்கம் என்று நம் நடமாட்டம் பரவியிருப்பதால், ஓரிடத்தில் மனம் ஒட்டாவிட்டாலும் வேறோரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு அப்படியில்லை. வீடு, பள்ளிக்கூடம், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தெரு, அந்தத் தெருவில் விளையாட வரும் நாலு பிள்ளைகள், இவ்வளவுதான் அதன் ஊர். ஊர் மாறும் குழந்தை இழப்பவற்றை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை; சாமான் லாரியில் சைக்கிளும் பொம்மைகளும் ஏறிவிட்டனவா என்று பார்ப்பதோடு நம் பொறுப்பு தீர்ந்ததாக நினைத்துவிடுகிறோம். தன் சுபாவத்தை அறிந்த ஆசிரியை, தனக்கென்று ஏற்பட்டிருந்த பெஞ்சின் ஓரம், சாப்பாட்டு வேளையில் தன்னோடு பங்கு போட்டுக்கொண்ட தோழி, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆயா ஆகிய எல்லாமே ஒரே நாளில் அதன் கையைவிட்டுப் போகின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவனுக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் உண்டு. அவர்களில் ஒருவர் முகம் கொடுக்காவிட்டாலும் மற்றொருவர் கொடுப்பார். தொடக்கப் பள்ளியிலோ பெரும்பாலும் ஒரே ஆசிரியர் காலை முதல் மாலை வரை தமிழும் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறார். ஆகவே, தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பது அநேகமாக ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதேயாகும் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியின் தூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், பெற்றோர் பலரும் மிக எளிதாக விட்டுக்கொடுப்பது இதைத்தான். 1964இல் அமைக்கப்பெற்று 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக்குழு, ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் யாவரும் சாதி, வகுப்பு, வருமானம் என்ற பேதமின்றி அந்த வட்டாரத்துப் பள்ளியிலேயே சேர்ந்து படிக்க வேண்டும் என்ற அருகமைப் பள்ளிக் கொள்கையைச் சிபாரிசு செய்தது. அந்தக் கொள்கை நாட்டில் முழுமையாக நிறைவேறவில்லை என்பது உண்மையே. ஆயினும் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அதன் ஓர் அம்சத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைக்கு நடந்து செல்லக்கூடிய ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லுகின்றன. சட்டம் செய்தவர்கள் குழந்தையின் காலை மனத்தில் வைத்து இந்த எல்லையை வகுத்திருக்கலாம். நான் குழந்தையின் மாலைப் பொழுதை மனத்தில் வைத்து இதை ஆதரிக்கிறேன். பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, பகலில் தன்னோடு அமர்ந்திருந்த அதே பிள்ளைகளோடு மாலையிலும் தெருவில் ஓடி விளையாடுகிறது. அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அவர்கள் இதன் வீட்டுக்கு வருகிறார்கள். இந்தப் பிள்ளைகளின் மூலமாகவே தாய்மார்களுக்கும் பரிச்சயம் ஏற்படுகிறது. பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பிரசித்தி பெற்ற பள்ளிக்கு வேனில் போய்வரும் பிள்ளைக்கோ, பள்ளித் தோழர்கள் ஊரின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்க, தன் சொந்தத் தெருவில் தான் ஓர் அந்நியன் என்ற நிலைமை வருஷக்கணக்கில் நீடிக்கிறது. புதிதாக வந்த குழந்தைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தூரப் பள்ளிதான் வேண்டுமென்று தீர்மானிப்போர் அந்த வாகனத்தை ஏறிப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கட்டும். 2012 ஜூலையில் தாம்பரத்துக்கு அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து உயிரிழந்த கோரத்தை நாடு மறந்திருக்க முடியாது. அதன் பின்னரே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் இயற்றப்பட்டன. பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் ஒருவர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் ஆகியவை அவ்விதிகளின்படி இருந்தாக வேண்டியவை. வேன் நிற்கும் இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று, உதவியாளர் இறங்கிக் குழந்தையைச் சாலையைக் கடக்க வைக்கிறாரா, அல்லது ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டு நகர்கிறாரா என்று கவனித்தால், பள்ளி நிர்வாகத்தின் மனோபாவமே அதில் வெளிப்பட்டுவிடும்.

பிரசித்தி என்று சொன்னேன். பள்ளி வாசல்களில் கட்டப்பட்டிருக்கும் ஃபிளெக்ஸ் தட்டிகளில் சிரிக்கும் முகங்கள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மதிப்பெண் வாங்கியவர்களுடையவை. அந்த மதிப்பெண்களுக்கும், மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்குக்குக் கடன் வாங்கத் தெரியாமல் விழிக்கும் உங்கள் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து ஆசிரியை பொறுமையாகச் சொல்லித் தருவாரா என்ற கேள்விக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. பெரிய வகுப்புகளின் கீர்த்தியைக் கொண்டு சிறிய வகுப்புகளை எடைபோடுவது நம்மவர்களிடம் ஊறிப்போன தவறு; ஒரே வளாகத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு மிகச் சிறந்த ஆசிரியர்களை வைத்துக்கொண்டு, தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் புதிது புதிதாகச் சொற்பச் சம்பளத்தில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகையால் பள்ளியில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "என் பிள்ளைக்கு வகுப்பாசிரியர் யார், அவர் இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்?" என்பதே. இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

சில மாதங்களுக்கு முன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்த என் தங்கையும் அவள் கணவரும் தங்கள் மகளுக்குப் பள்ளி தேடியபோது நானும் உடன் சென்றேன். ஒரு பள்ளியில் வரவேற்பறையைத் தாண்ட எங்களை அனுமதிக்கவில்லை. பளபளப்பான விளக்கப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, மூன்றாம் வகுப்புக்கு வந்த அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துப் போய் எழுத்துத் தேர்வு ஒன்று வைத்தார்கள். வகுப்பறையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தப் பரீட்சையையும் நடத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விதித்து, முதன்முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து மீறும் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் நிர்ணயித்திருக்கிறது. நன்கொடை வாங்கினாலோ வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். இவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. அந்த வரவேற்பறையில் காத்திருந்த எத்தனை பெற்றோருக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ணியபோது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று.

மறுநாள் காலை, அவர்கள் வாடகைக்குப் பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை எங்களை நேரே வகுப்புக்கே அழைத்துச் சென்றார். சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அறையைச் சுற்றிலும் கரும்பலகை தீட்டப்பட்டிருந்தது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்பு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலின் அடையாளம் அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓரிடம் உண்டு. என் தங்கை மகள் தாயின் முந்தானைக்குப் பின்னே ஒதுங்கி நின்றாள். வகுப்பாசிரியை பெயரையும் கேட்கவில்லை, வாய்ப்பாட்டையும் கேட்கவில்லை. கையில் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்து, "வா கண்ணு, உங்க வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு இங்க வரைஞ்சு காட்டு" என்று சொல்லிவிட்டு வேறு பிள்ளைகளிடம் போய்விட்டார். சற்று நேரம் கழித்து அவள் உட்கார்ந்து வரைந்தாள். தாய், தந்தை, தான், தம்பி, கடைசியில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்த நாய். பக்கத்தில் இருந்த பெண், தன் பையைச் சற்று நகர்த்தி இடம் விட்டு, "இது உங்க நாயா? பேரென்ன?" என்று கேட்டாள். வகுப்பின் மறுகோடியில் யாருக்கோ எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆசிரியை ஒரு கண்ணால் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆசிரியையின் பாட போதனை எத்தகையது என்பதை அரைமணி நேரத்தில் நான் அறிந்துவிட முடியாது. ஆனால் புதிய குழந்தையை எப்படி வகுப்புக்குள் கொண்டுவருவது என்பது அவருக்குத் தெரியும் என்பதை அறிந்தேன்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் வேலை நாளில், அதுவும் இடைவேளைக்குச் சற்று முன்னதாகப் போக வேண்டும். விடுமுறையில் திறந்து காட்டப்படும் காலி வகுப்பறை எதையும் சொல்லாது. இடைவேளை மணி அடித்ததும் குழந்தைகள் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள், கழிப்பறைக்குள் நுழைகிறார்களா அல்லது மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறார்களா, தனியே நிற்கும் பிள்ளையிடம் யாராவது பேசுகிறார்களா என்பவை கண்ணில் படும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர், நூலகம் ஆகியவை சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றவை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர், ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்பனவும் அதில் உள்ளன. அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருப்பதைக் கண்டு சிலர் முகம் சுளிப்பார்கள். அது குறைதான், மறுக்கவில்லை. எனினும், நாற்பது பிள்ளைகளை இரண்டு பேர் பெயர் பெயராக அறிந்து நடத்தும் சிறு பள்ளி, ஒரே அறையில் ஐம்பது பேரை அடைத்து வைத்திருக்கும் பெரிய பள்ளியைவிட ஊர் மாறி வந்த குழந்தைக்கு நன்மை செய்யக்கூடும்.

அனுமதி பெற்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருடைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். இதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. 'என் ஊர்த் திருவிழா' என்ற தலைப்பில் எல்லா நோட்டிலும் ஒரே ஐந்து வாக்கியங்கள் ஒரே வரிசையில் இருக்குமானால், அவை கரும்பலகையிலிருந்து நகலெடுக்கப்பட்டவை. அங்கே குழந்தைகள் எழுதுவதில்லை, படியெடுக்கிறார்கள். ஒரு நோட்டில் தேரும், மற்றொன்றில் ராட்டினமும், இன்னொன்றில் தொலைந்துபோன செருப்பும் வந்திருந்தால், எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தாலுங்கூட, மகிழ்ச்சியோடு பிள்ளையை அங்கே சேர்க்கலாம். சிவப்பு மையில் வெறும் குறி மட்டும் போடப்பட்டிருக்கிறதா, பிழையை ஆசிரியர் திருத்தி எழுதிக் காட்டியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். வீட்டுப்பாடம் எவ்வளவு என்றும் கேளுங்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதே ஆண்டில் மத்திய அரசு, புத்தகப்பையின் எடை அவ்விரு வகுப்புகளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும், மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு மூன்று கிலோவுக்கும் மேற்படக் கூடாதென்று அறிவுறுத்தியது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றால் முதுகு வளைந்து வரும் பிள்ளைகளே விடை சொல்லிவிடுவார்கள். வாசலுக்கு எதிரே மிட்டாய்க்கடை வைத்திருப்பவரிடமும், பிள்ளைகளை அழைத்துப்போகக் காத்திருக்கும் பாட்டிமார்களிடமும் பேச்சுக் கொடுப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. எந்த ஆசிரியர் அடிப்பார், எந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது பிள்ளைகள் அழுதார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டடத்தின் பாதுகாப்பை மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு வரக் கூடாது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையற்கூடத்திலிருந்து கிளம்பிய நெருப்பு, குறுகிய மாடிப்படி, நெருக்கமான வகுப்பறை எல்லாம் சேர்ந்து செய்த கொடுமை அது. கீற்றுக்கூரைகள் அதன் பிறகு பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டன. குறுகிய படிகளும் பூட்டிய பின்வாசல்களும் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. பிள்ளையின் வகுப்பு மாடியிலா, இறங்க எத்தனை வழி, அந்த வழிகள் திறந்திருக்கின்றனவா, பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பதை எந்த நிர்வாகமும் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் அதையும் ஒரு விடையாகவே கருதலாம்.

பாடமொழியும் பாடத்திட்டமும் அடுத்தபடியாக யோசிக்க வேண்டியவை. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊர் மாறுவோருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி எல்லாவற்றுக்கும் பாடத்திட்டம் ஒன்றே. கோவில்பட்டியில் பாதியில் விட்ட பாடத்தை ஓசூரில் தொடரலாம். மாநிலப் பள்ளியிலிருந்து சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள், அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிடுவதையும், ஜூனில் போய்ச் சேரும் பிள்ளை நடுவகுப்பில் நுழைவதையும் நினைவில் வைக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் கேந்திரிய வித்யாலயங்களில் முதல் வகுப்பில் சேர 2022-23 முதல் ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும். மாநிலப் பள்ளிகளிலோ ஐந்து வயது போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் மாறும் அதே ஆண்டில் பாடமொழியையும் மாற்றாதீர்கள் என்று பெற்றோர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாண்டு தமிழ் வழியில் படித்த பிள்ளையை, நகரத்துக்கு வந்துவிட்டோம் என்ற உற்சாகத்தில் திடீரென்று ஆங்கில வழி வகுப்பில் உட்கார வைத்தால், அதுவரை முதல் ஆளாகக் கையுயர்த்திக்கொண்டிருந்த குழந்தை வாய்மூடி அமர்ந்துவிடும். கணக்குத் தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் தவிக்கும். பயிற்றுமொழி கூடியவரை தாய்மொழியாகவே இருக்க வேண்டுமென்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்லுகிறது. வேறு மாநிலத்துக்குப் போவோர் அவ்விடத்து மொழியைக் கற்பிக்க வேண்டிய கட்டாயம் இருப்பதை முன்கூட்டியே அறிந்து, கோடை விடுமுறையிலேயே எழுத்துகளை அறிமுகப்படுத்திவிட வேண்டும். கர்நாடகத்தில் 2015இலும், கேரளத்தில் 2017இலும், தெலங்கானாவில் 2018இலும் இதற்கான சட்டங்கள் பிறந்தன. அவற்றுக்கெல்லாம் முன்பே 2006இல் தமிழ்நாடு தமிழ் கற்கும் சட்டத்தை இயற்றியது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை நம்பி வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ் எழுத்துகளைத் தடவித் தடவிப் படிப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு, மொழி மாறும் குழந்தையின் பிரயாசை எவ்வளவு பெரிது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அரசுப் பள்ளியை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. ஒரு முறையாவது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள். முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இலும், அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு மறு ஆண்டிலும் கொண்டுவரப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கப்படுகிறார்கள். நடுவில் வந்து சேரும் குழந்தைக்கு இது மிகவும் அனுகூலமான ஏற்பாடு, ஏனென்றால் வகுப்பு எங்கே நிற்கிறது என்பதைவிடக் குழந்தை எங்கே நிற்கிறது என்பதே அங்கே முதலில் பார்க்கப்படுகிறது. 1956இல் காமராசர் காலத்தில் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவோடு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்ட காலை உணவும் இப்போது உண்டு. புதுப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சூடான பொங்கல் சாப்பிடுவதில் ஏற்படும் சிநேகத்தை வேறெந்த ஏற்பாட்டாலும் உண்டாக்குவது அரிது.

தனியார் பள்ளியே வேண்டுமென்போர், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு வகுத்திருக்கும் தொகை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இலவச இடஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கே உரியது; பழைய ஊரில் அந்த ஒதுக்கீட்டில் படித்த பிள்ளை புதிய ஊரில் மூன்றாம் வகுப்பில் அதே சலுகையைப் பெற முடியும் என்று நம்பி வீடு மாற்றிவிடக் கூடாது. இதை அறியாமல் சங்கடப்பட்ட குடும்பங்கள் பல.

மாற்றுச் சான்றிதழைப் பற்றிய பயம் பெற்றோரிடையே அளவுக்கு மீறி இருக்கிறது. டி.சி. வராததால் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்லுவோரைக் காணும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, எக்காரணத்தால் ஊர் மாற நேர்ந்தாலும் குழந்தைக்கு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் செல்லும் உரிமையைத் தந்திருக்கிறது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் வழங்க வேண்டும், அது தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வயதுச் சான்று இல்லையென்றோ, கல்வியாண்டு தொடங்கிவிட்டதென்றோ மறுப்பதற்கும் இடமில்லை. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் வழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்து, சான்றிதழ் பாக்கி வசூலிக்கும் கருவியன்று என்பதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்னும் கல்வித் தகவல் தொகுப்பில் ஒரு பதிவும் எண்ணும் உண்டு. பழைய பள்ளி அந்தப் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். எனவே ஊரைவிட்டுக் கிளம்புமுன் சான்றிதழை வாங்குவதோடு நில்லாமல், "காமன் பூலுக்கு அனுப்பிவிட்டீர்களா, சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு புறப்படுவது புத்திசாலித்தனம்.

சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது தன் வகுப்புக்குப் போய்த் தோழர்களிடம் சொல்லிக்கொண்டு வரட்டும். வகுப்பாசிரியரிடம், புதிய ஆசிரியருக்கு அரைப்பக்கம் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலோர் மனமுவந்து எழுதுவார்கள். மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத செய்திகள் அதில் வரும்: இடக்கையால் எழுதுவாள், பின்வரிசையில் உட்கார்ந்தால் கரும்பலகை தெரியாது, ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறது, கதை சொல்லச் சொன்னால் நன்றாகச் சொல்லுவாள், உரக்கக் கண்டித்தால் இரண்டு நாள் பேசமாட்டாள். புதிய ஆசிரியர் தாமாகக் கண்டுபிடிக்க ஒரு பருவம் முழுதும் ஆகக்கூடிய விஷயங்கள் இவை.

சேர்த்த பிறகு முதல் சில வாரங்களுக்கு மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்று மட்டும் கேளுங்கள். ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். பதினைந்து நாள் கழித்துப் பள்ளி விடும் நேரத்தில் ஆசிரியரைப் பார்த்து நாலு வார்த்தை பேசுங்கள். அரசுப் பள்ளியாயின், முக்கால் பங்கு பெற்றோரும், மொத்த உறுப்பினர்களில் சரிபாதி பெண்களும் இருக்க வேண்டுமென்று சட்டம் விதித்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று அங்கே செயல்படும். புதியவர்கள்தானே என்று ஒதுங்கி நிற்காமல் அதன் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். ஊர்ப் பள்ளியில் ஊரார் பங்கு கொள்வது நமக்குப் புதிதன்று; 1958 தொடங்கி, அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள்கூடத் தங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு பருவம் முடிந்த பின்னும் பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது நிற்கவில்லையென்றால், கொடுத்த கட்டணத்தையும் தைத்த சீருடையையும் நினைத்துத் தயங்காமல், தெரு தள்ளியிருக்கும் அடுத்த பள்ளியின் வாசலில் போய் நில்லுங்கள்.